மணலி ரோட்டில் ஒரு கம்பு

மணலி விரைவுச் சாலை ஓரம், டிரெய்லர் வரிசைக்கு நடுவே நிலம் அளக்க ஒரு பையன் கம்பு பிடித்து நின்றான். உச்சியில் வட்டமாக ஒரு ஜிபிஎஸ் கருவி.

டீக்கடை அண்ணன் சும்மா விடவில்லை. "தம்பி, மழை வந்தா இங்க முட்டி வரைக்கும் தண்ணி நிக்கும். அதையும் எழுதிக்க."

"அண்ணே, இது உயரத்தையும் சேர்த்துதான் எடுக்குது."

நிஜம்தான். இந்திய நில அளவைத் துறையின் கோர்ஸ் (CORS) நிலையங்களோடு, அதாவது ஒரே இடத்தில் நின்று ஜிபிஎஸ் பிழையைத் திருத்தித் தரும் நிலையங்களோடு, இணைந்தால் பிழை சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். சங்கிலி இழுத்து அளந்த காலம் போச்சு.

2021இல் வந்த மத்திய அரசின் கதி சக்தி திட்டம் சாலை, ரயில், துறைமுகம், காடு எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் அடுக்கடுக்காக வைக்கிறது. கேபிள் போட்டு மூடிய ரோட்டைக் குழாய்க்காக மறுபடி தோண்டும் கூத்து குறையலாம். (நம்ம ஏரியாவில் குறைந்தால் டீ என் செலவு.)

ஆனால் தொழிற்சாலைக்கு இடம் தேடுகிறவர்கள் ரோடு, கரண்ட், துறைமுகம் பார்க்கிற அதே அக்கறையோடு தண்ணீர் போகும் வழியையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் தண்ணீரில் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. படகும் வலையும் கறுத்துப்போயின. கொசஸ்தலை ஆறு எந்தப் பக்கம் பாயும் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாத ரகசியமா என்ன?

இஸ்ரோவின் செயற்கைக்கோள் வரைபட இணையதளமான புவன் 2009இலிருந்து எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. பட்டறைக்கு இடம் பார்க்கிற நண்பர்களே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். புரோக்கர் சொல்லமாட்டார்.