23 படி, ஒரு மாவுக்கட்டு, ஒன்றரை வயதுப் பையன்

கோத்தகிரியில் வீடு தேடுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, ரோட்டிலிருந்து எத்தனை படி இறங்கணும் என்பதுதான். எங்கள் வீட்டுக்கு 23. ஐப்பசி மழையில் பாசி பிடித்துக் கிடந்த படியில் வழுக்கி விழுந்தேன். நல்லவேளை, இடுப்பில் பையன் இல்லை, துணி வாளிதான் இருந்தது.

வலது கணுக்காலில் வெளிப்பக்கத்து எலும்பு விரிசல் விட்டிருந்தது. 6 வாரம் மாவுக்கட்டு, காலை ஊன்றவே கூடாது, படுக்கும்போது நெஞ்சைவிட உயரத்தில் தலையணைமேல் வைக்கணும் என்றார் டாக்டர். ஒன்றரை வயதுப் பிள்ளை என் மடியிலேயே உட்கார்ந்து அவருடைய பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். எழுதியதை அடித்துவிட்டு பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். டிராமடால், கோடீன் மாதிரி மாத்திரைகள் பாலில் கலந்து குழந்தையை மந்தமாக்கும், மூச்சையும் பாதிக்கலாம். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அன்று ராத்திரியே கட்டு இறுகிப்போய் விரல்கள் கொழுக்கட்டையாக உப்பி மரத்துவிட்டன. விடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மறுநாள் கட்டைத் தளர்த்திய நர்ஸ், "விரல் மரத்தா அந்த நேரமே கிளம்பி வரணும், விடியற வரைக்குமா பாப்பாங்க?" என்று விட்ட டோஸ் நியாயமானதுதான்.

வலியைவிடக் கொடுமை, "ஊக்கு, ஊக்கு" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவன் வந்து நிற்பது. வாக்கரைப் பிடித்து நிற்பவள் எந்தக் கையால் தூக்குவது? மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த அத்தை, "நீ படும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். இந்தக் குளிரில் அவர் மூட்டு பத்தே நாளில் பிடித்துக்கொண்டது. அவரையும் சேர்த்துப் பார்க்கிற நிலைமை வந்ததும் மலை இறக்கி அனுப்பிவைத்தோம். வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட். பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) அக்கா தேயிலை எடை போட்டுவிட்டு மதியம் ஒரு நடை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் நானும் அவனும்தான்.

அப்போதுதான் கட்டிலை விட்டுத் தரைக்கு இறங்கினேன். சொன்னால் சாதாரணமாக இருக்கும், ஆனால் அந்த 6 வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். பாய், அதன்மேல் கம்பளி, மெத்தை. கைக்கெட்டும் தூரத்தில் துணி, தண்ணீர், ஃபிளாஸ்கில் ராகிக் கஞ்சி. சமையலறை வாசலில் மேசையைக் கவிழ்த்துப் போட்டு அடைத்தாயிற்று. கீழே இருப்பவளிடம் "தூக்கு" என்று கேட்க அவனுக்கு வேலையே இல்லை. என்மேல் ஏறிவிடுவான், அவ்வளவுதான். "சாமி, இங்க வா" என்றால் வந்து படுத்து, துணி மாற்றக் காலைத் தூக்கிக் கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டான். நான் உட்கார்ந்தபடியே நகர்ந்து போனால் கூடவே நகர்வான்.

பாத்ரூமுக்கு அவனையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். உள்ளே வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது, சுடுதண்ணீர் பேச்சே கிடையாது. தினமும் குளிப்பாட்டுவதை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. குளிருக்குக் கணப்பு வைக்கலாமே என்றார் ஒருவர். பூட்டிய அறையில் கரி எரிந்தால் வரும் புகையில் வாசனையே இல்லாத விஷம் உண்டு. தவிர, இவன் நெருப்பைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் என்பான். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோம்.

மாவுக்கட்டை அவன் முதலில் தவில் ஆக்கினான், பிறகு உண்டியல். ஒருநாள் கட்டுக்கும் காலுக்கும் நடுவே பொரியைப் போட்டுவிட்டான். அரிப்பென்றால் அப்படி ஒரு அரிப்பு! ஸ்கேலை விட்டுச் சொறிந்தால் தோல் கிழிந்து புண்ணாகும் என்று முன்பே எச்சரித்திருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டை வெட்டிய அன்று உள்ளிருந்து 4 பொரி, ஒரு சட்டைப் பொத்தான். வெட்டியவர் சிரித்த சிரிப்பில் இருந்த பயமும் போய்விட்டது. அப்புறம் சூம்பிப்போன கெண்டைக்காலுக்குப் பயிற்சி, விறைத்த கணுக்காலை மடக்கி நீட்டுவது. சலிப்பான வேலை, வலிக்கவும் செய்யும், விடாமல் செய்தேன்.

முதல்நாள் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். மானம் போய்விட்டது. அடுத்த தடவை செக்கப்புக்கு நானே ஒவ்வொரு படியாக உட்கார்ந்து நகர்ந்து ஏறினேன், அதே மாதிரி இறங்கினேன். வீட்டுக்காரர் கீழ்ப்படியில் நின்று பிடித்துக்கொள்ள, பையனும் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் போலவே தொம், தொம்மென்று இறங்கினான்.

இப்போது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்குகிறேன். அவன் இன்னும் உட்கார்ந்துதான் இறங்குகிறான். கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிடுகிறான். டவுசரின் பின்பக்கமெல்லாம் பாசிக்கறை. எந்தச் சோப்புக்கும் போகமாட்டேன் என்கிறது.