தெறி பூட்டப் பழக்குவது: விசேட கல்வி ஆசிரியருக்கு

விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் விசேட கல்வி ஆசிரியராகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், யாழ்ப்பாணத்தில் எல்லாரும் சொல்வது "நல்ல பொறுமை வேணும்" என்பதுதான். பொறுமை வேணும், உண்மை. ஆனால் பொறுமை மட்டும் இருந்தால், மாணவன் ஐந்து வருடம் கழித்தும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து தரச்சொல்லி ரீச்சரிடம் நீட்டிக்கொண்டு நிற்பான். ஒரு செயலைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிவதும், கொடுத்த உதவியை நேரத்துக்கு எடுத்துவிடத் தெரிவதும்தான் இந்தத் தொழில்.

உள்ளே வரும் வழி ஒன்றும் சிக்கலில்லை. உயர்தரத்துக்குப் பிறகு தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கற்பித்துப் பழகும் கட்டுறு பயில்வு. ஏற்கெனவே கற்பிப்பவர்கள் திறந்த பல்கலைக்கழகத்தில் விசேட தேவைக் கல்வி படிக்கலாம். பிறகு கைதடி நவீல்ட் போன்ற, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென்றே இருக்கும் பாடசாலை, அல்லது சாதாரண ஆரம்பப் பாடசாலையில் இருக்கும் விசேட கல்வி அலகு. அலகென்றால் ஒரே அறைக்குள் டவுன் சின்ட்ரோம், ஓட்டிசம், மூளை முடக்குவாதம் என்று வயதும் தேவையும் வேறுவேறான பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் எழுத வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் கெட்டுப்போவது முதல் வரியிலேயே. "சுயமாக உடுத்தப் பழகும்" என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "சேட்டின் நாலாவது தெறியை, ரீச்சர் கை கொடுக்காமல், ஐந்து தடவையில் நாலு தடவை பூட்டும்" என்று எழுதுங்கள்.

ஏன் நாலாவது? கழுத்துத் தெறி பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுக்கு நேரே இருப்பது தெரியும். புதுச் சேட்டின் ஓட்டை விறைப்பாக இருக்கும், ஆகவே தோய்த்துத் தோய்த்து இளகின பழைய சேட்டை எடுங்கள். அதற்கும் முன்னால், பெரிய கோட்டுத் தெறியும் கொஞ்சம் பெரிதாக வெட்டின ஓட்டையும் உள்ள துணியை மேசையில் வைத்துப் பழக்கலாம். முன்னால் இருந்து காட்டினால் இடம் வலம் மாறிவிடும். பிள்ளைக்குப் பின்னாலோ பக்கத்திலோ இருங்கள்.

கரையைப் பிடித்தல், தெறியை நுள்ளிப் பிடித்தல், பாதி தள்ளுதல், மற்றக் கையால் வாங்குதல், இழுத்து முடித்தல். இந்த ஐந்தையும் கடைசியிலிருந்து பழக்க வேண்டும். முதல் நாலையும் நீங்கள் செய்து, இழுத்து முடிப்பதைப் பிள்ளைக்கு விடுங்கள். ஒவ்வொரு தடவையும் தெறி பூட்டுப்பட்டபடி முடியும், முடித்தது பிள்ளை. முதலிலிருந்து தொடங்கினால் களைத்து, அழுது, பாதியில் விட்டது மட்டுமே அதன் நினைவில் நிற்கும்.

உதவியைக் குறைப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது: கையோடு கை பிடித்தல், முழங்கையைத் தொடுதல், விரலால் காட்டுதல், பிறகு ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன் ஐந்து செக்கனாவது வாயை மூடிக் காத்திருங்கள். எடுக்க மிகக் கஷ்டமான உதவி வாயால் சொல்வதுதான், ஏனென்றால் நாம் சொல்வது நமக்கே தெரிவதில்லை. "இழுங்கோ அப்பன், இழுங்கோ" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், அந்தக் குரல் வராமல் கை அசையாது. வரிசையை நினைவூட்ட வேண்டுமானால் சுவரில் படம் ஒட்டுங்கள். பிறகு படத்தைக் கழற்றலாம்.

வீட்டில் அம்மம்மா ஒரு நிமிடத்தில் எல்லாத் தெறியும் பூட்டிவிடுவா. அவவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாசலில் பள்ளி வான் நிற்கிறது. பள்ளி நாளில் ஒன்றும் கேட்காதீர்கள். சனி ஞாயிறில் அந்த நாலாவது தெறியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

இன்னொன்று. வேறு வகுப்பு ரீச்சர் வராத நாளில் அலகு ரீச்சரை அங்கே அனுப்புவது பல இடங்களில் வழக்கம். புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பு அவசரமாகத் தெரியும், அலகு தெரியாது. அதிபரிடம் மனவருத்தமாகச் சொல்வதைவிடப் பதிவுத்தாளைக் காட்டுங்கள். திகதி, படி, கொடுத்த உதவி என்று மூன்று நிரல் போதும். விட்டுப்போன நாட்களுக்குப் பிறகு பிள்ளை எந்தப் படிக்குப் பின்வாங்கியது என்பது அதிலேயே இருக்கும்.

அதே தாள் உங்களுக்கும் சொல்லும். இரண்டு கிழமையாக ஒரே உதவி அளவிலேயே நின்றால் அந்தப் படி பெரிது. அதை இரண்டாக வெட்டுங்கள்.