மனச்சிதைவு உள்ளவருக்கு வீட்டில் யோகா: காவிரி டெல்டாவில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை

காதில் கேட்கும் குரல்களை யோகா நிறுத்தாது, அதற்கு மாத்திரைதான். குரல் அடங்கிய பிறகும் பேச்சில்லாமல், குளிக்காமல், பாயை விட்டு எழாமல் கிடப்பார்களே, அந்த முடக்கத்துக்குத்தான் யோகா கைகொடுக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. மாத்திரையோடு 4 மாதம் யோகா செய்தவர்கள், மாத்திரையோடு உடற்பயிற்சி செய்தவர்களைவிட இந்த முடக்கத்திலிருந்து நன்றாக மீண்டார்கள்.

சந்தேகமும் ஆவேசமும் உச்சத்தில் இருக்கும்போது ஆரம்பிக்கக் கூடாது. மாத்திரை வாங்கப் போகும் நாளில் ரத்த அழுத்தம் பார்த்து, தொடங்கலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

விடியற்காலை 5 மணி வேண்டாம். இரவு ஓலன்சபின் (இந்த நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை) போட்டவருக்கு அப்போது தலை நிமிராது, எழுப்பினால் சண்டைதான். காலை 7.30-க்கு, பலகாரத்துக்கு முன், முதல் 2 வாரம் 15 நிமிடம் போதும். பிறகு மெல்ல 40 நிமிடம். வீட்டில் ஒருவர் பக்கத்தில் பாய் போட்டுச் சேர்ந்து செய்ய வேண்டும். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் வேவு பார்ப்பதாகத் தோன்றும்.

கழுத்து, தோள் தளர்த்தல், தாடாசனம் (நேராக நிற்பது), புஜங்காசனம் (குப்புறப் படுத்து மார்பைத் தூக்குவது), மூச்சை அடக்காமல் நாடிசுத்தி (இரு மூக்குத் துளையிலும் மாற்றி மாற்றி மூச்சு விடுவது) 9 சுற்று, சவாசனம் 5 நிமிடம். எல்லாமே கண் திறந்தபடி. கண்ணை மூடி அமைதியானால் சிலருக்குக் குரல் பலமாகக் கேட்கும். அதனால் தியானம் வேண்டாம், வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகாவும் வேண்டாம். ரிஸ்பெரிடோன், குளோசபின் மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடலாம். சவாசனத்திலிருந்து பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழுப்புங்கள்.

கை விறைத்தால், உட்கார முடியாமல் கால் பரபரத்தால், சோம்பல் என்று திட்டாதீர்கள். பெரும்பாலும் அது மாத்திரையின் பக்கவிளைவு. மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். சித்திரை வெயிலில் இந்த மருந்துகள் உடம்புச் சூட்டைத் தணிய விடாது. மின்விசிறி, தண்ணீர் இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

பெரிய ஆபத்து 3, 4 மாதத்தில் வரும். “யோகாவுலயே தெளிஞ்சிட்டானே, மாத்திரை எதுக்கு?” என்று யாராவது உறவுக்காரர் சொல்வார். அதைக் கேட்டு நிறுத்தினால் நோய் திரும்பும். மனநோய் தீர வேண்டி குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினாலும் மாத்திரை கூடவே போக வேண்டும்.

மேட்டூர் அணை திறந்து குறுவை வேலை தொடங்கினால் துணைக்கு ஆள் கிடைக்காது, பயிற்சி விட்டுப்போகும். அப்போது வயலுக்குப் போகாத பாட்டியோ தங்கையோ 15 நிமிடம் கூட இருந்தால் போதும். விட்டுப்போயிருந்தால் பழைய 40 நிமிடத்துக்குத் தாவாமல் திரும்ப 15-இலிருந்தே தொடங்குங்கள்.