ஆட்டைத் திவசத்துக்கு முதல்

06.01.2025

கிளினிக்கில வெறும் வயித்துச் சீனி 186. டொக்டர் குளிசையைக் கூட்டேல்லை. "நடவுங்கோ அம்மா, பங்குனிக்குள்ள பாப்பம்" எண்டார். கிழமைக்கு 150 நிமிசம். கதைச்சுக்கொண்டு நடக்க ஏலவேணும், ஆனா பாட்டுப் பாட மூச்சு வரக்கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவாம்.

ஆரோட கதைக்கிறது?

07.01.2025

5 மணிக்கே முழிப்பு. இவர் இருந்த காலத்தில மண்வெட்டி எடுக்கிற நேரம். எழும்பேல்லை. விடியுமட்டும் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தன்.

09.01.2025

இரணைமடுக் குளக்கட்டில ஏறினன். இவ்வளவு கிட்ட இருந்தும் இவரோட வந்ததை விட்டால் தனிய வந்ததே இல்லை. குளம் முட்டி நிக்குது. கட்டு உயர்த்த முதல் 34 அடி, இப்ப 36 அடி எண்டு வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவார், ஏதோ தன்ர வளவுக் கிணறு மாதிரி. 1920இல கட்டி முடிச்ச குளம், வெள்ளைக்காரன் போட்ட கல்லு இன்னும் கிடக்கெண்டுவார். 2018 மார்கழி வெள்ளத்தில வான்கதவு திறந்த இரவு, வேண்டாம் வேண்டாம் எண்டும் கேளாமல் ரோச்சையும் எடுத்துக்கொண்டு போனவர். விடியக் காலமைதான் வந்தார். அண்டைக்கு நான் பேசின பேச்சு.

கனகாம்பிகை அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டுட்டு வந்திட்டன். கால் நோகுது.

12.01.2025

ராவு நித்திரை இல்லை. முன்கதவுக்குக் கொளுக்கி போடுறதா விடுறதா எண்டதே யோசினை. போட்டால், உள்ளுக்க விழுந்து கிடந்தால் ஆர் வாறது? விட்டால் பயம். கிணத்தடி பாசி பிடிச்சுக் கிடக்கு. குளியலறை மாபிள் அதைவிட மோசம்.

இதை இங்க எழுதி வைக்கிறன். இவற்ற அந்தியேட்டிக் கிரியை அண்டைக்கு ஐயருக்கு முன்னால பாயில இருந்தனான். எல்லாம் முடிஞ்சு எழும்பப் பாத்தால் ஏலாது. ரெண்டு பொம்பிளையள் கக்கத்துக்குள்ள கை குடுத்துத் தூக்கினவை. அழுகையாலதான் எண்டு எல்லாரும் நினைச்சினம். அழுகை இல்லை அது. தொடையில பெலன் இல்லை. எத்தினையோ வருசமாக் கதிரையில இருந்து கதிரைக்கு மாறின உடம்பு. நான் நிலத்தில இருந்து எழும்புறதெண்டால் இவர் கை நீட்டுவார். நீட்டுறாரெண்டு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, அப்பிடிப் பழகிப்போச்சு.

இவர் போய் வருசம் முடியுற ஆட்டைத் திவசம் பங்குனி வளர்பிறைத் திருதியை எண்டு ஐயர் குறிச்சுத் தந்தவர். அண்டைக்கு ஒருத்தரும் என்னைத் தூக்கக்கூடாது. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.

14.01.2025

எங்களுக்கு இந்த முறை பொங்கல் இல்லை. வெடிச்சத்தம் தொடங்க முதல் நடந்துபோட்டு வந்திட்டன். அக்கம்பக்கத்தால பொங்கல் குடுத்துவிட்டிருக்கினம். ஒரு கரண்டி திண்டன்.

20.01.2025

"வருசம் திரும்பேல்லை, சப்பாத்தும் போட்டுக்கொண்டு எங்க போறாவாம்?" வேலிக்கு அங்கால இருந்து, என்ர காதில விழவேணும் எண்டே சொன்னது.

நின்று பதில் சொல்லேல்லை. வீட்ட வந்தும் நெஞ்சு ஆறேல்லை. போர் முடிஞ்ச பிறகு இந்த வன்னியில எத்தினை பொம்பிளையள் தனிய நிண்டு வயல் செய்து, கல் அரிஞ்சு, பிள்ளையளை வளத்தவை. அவையின்ர காலுக்கு ஏதும் நடந்தால் குடும்பமே படுத்திடும். ஒரு பொம்பிளை தன்ர உடம்பைப் பாக்கிறதுக்கு ஆரிட்ட அனுமதி கேக்கவேணும்? இவர் இருந்திருந்தால் வேலியடியில நிண்டு சத்தமாக் கேட்டிருப்பார்.

சப்பாத்து இவர் வாங்கினதுமில்லை. மகள் அனுப்பினது. நாளைக்கும் போடுவன்.

27.01.2025

பிசியோதெரபிப் பிள்ளையிட்ட விட்டினம். என்ர மகளிலும் இளசு. நடை மட்டும் காணாது ஆச்சி எண்டு சொல்லிப்போட்டாள். 60 தாண்டினால் தசை கெதியாக் கரையுமாம். நடை நெஞ்சுக்கும் சீனிக்கும். எழும்பி நிக்கிறதுக்குத் தொடையும் இடுப்பும் வேணும். அதுக்குக் கிழமையில ரெண்டு நாளாவது தனிப் பயிற்சி.

கைபிடி இல்லாத கதிரை, உயரத்துக்கு மேல ரெண்டு தலகணி, சுவரோட ஒட்டி. பாதம் ரெண்டும் முழங்காலுக்குக் கொஞ்சம் உள்ளுக்கு. கையை நெஞ்சில கட்டு. மூக்கு கால்விரலுக்கு நேர வாறமட்டும் முன்னுக்குக் குனி, பிறகு எழும்பு. இருக்கேக்கதான் வேலை, பொத்தெண்டு விழாமல் மெல்ல, மெல்ல. முழங்கால் நோவுக்காரருக்கும் இதுதான் மருந்தாம், தொடை பெலத்தால் முட்டிக்குப் பாரம் குறையும்.

கேட்டன் அவளிட்ட, நிலத்தில இருந்து எழும்ப எப்ப ஏலும் எண்டு. கதிரைக்கு மேல போட்ட தலகணியை முதல் எடுப்பம் எண்டாள்.

03.02.2025

மழை. மனமும் இல்லை. ஒண்டும் செய்யேல்லை.

11.02.2025

மகன் போன் எடுத்தான், கனடா ஸ்காபரோவில இருந்து. "அம்மா, போனில பாருங்கோ, பத்தாயிரம் அடி வரவேணும்." எனக்கு அதில பாதியும் வராது. அரைமணித்தியாலத்தால அவனே திரும்ப எடுத்தான். 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருசம் யப்பானில ஒரு அடி எண்ணுற கருவி வித்தவையாம், அதுக்கு வைச்ச பேரில வந்த எண்ணிக்கைதானாம் அது, டொக்டர்மார் சொன்னதில்லையாம். "உங்களுக்கு ஏலுமான அளவு நடவுங்கோ அம்மா." சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டான். பிறகு அங்க வரச் சொல்லிக் கேட்டான். பதில் சொல்லேல்லை.

கொளுக்கி போட்டுட்டுப் படுத்தனான். பக்கத்து வளவுப் பிள்ளையிட்ட பின்கதவுத் திறப்பு ஒண்டு குடுக்கலாம்.

19.02.2025

வெட்டு மெசின் ராவிரவா ஓடுது. எங்கட வயலும் இண்டைக்கு. குத்தகைக்காரன் நல்ல பெடியன், மூட்டை கொண்டுவந்து இறக்கினவன், கணக்கும் சொன்னவன். வரம்பில நிண்டு பாத்தன். இவர் மிதிச்ச வரம்பு.

திரும்பி வரேக்க ஒண்டு மனதில பட்டது. நான் வாழ்க்கையில தூரம் நடந்ததெண்டால் 2009 தையில. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு. தலையில மூட்டை, இடுப்பில பிள்ளை இல்லாட்டிலும் கையில பிள்ளையின்ர கை. இவர் சைக்கிளில மாமியை இருத்தி உருட்டிக்கொண்டு முன்னால. அதுக்குப் பிறகு நடை எண்டாலே எனக்கு வயித்துக்குள்ள ஒரு கலக்கம் வரும், ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இப்ப வெறுங்கையோட போறன். போய் அதே வீட்டுக்குத் திரும்பி வாறன். அம்மாடி, அது எவ்வளவு பெரிய விசயம்.

26.02.2025

சிவராத்திரி. குளிசையும் போட்டு விரதமும் இருந்து நடந்தால் சீனி இறங்கி மயங்குவியள் எண்டு நர்ஸ் பிள்ளை முந்தியே சொன்னவ. விரதம் இருக்கேல்லை. பால் குடிச்சிட்டுக் கோயிலுக்குப் போனன். சேலைத் தலைப்பில டொபி.

08.03.2025

தலகணி ரெண்டும் எடுத்தாச்சு. இப்ப வாங்கில இருந்து, கை கட்டினபடி.

பிள்ளை இண்டைக்கு விழுந்தால் எழும்புற முறை காட்டித் தந்தாள். அவசரப்படக்கூடாது. கிடந்தபடியே கை கால் அசையுதா எண்டு பார். ஒரு பக்கம் சரி. முழங்கையை ஊண்டு. நாலு காலில வந்து கதிரைக்குத் தவண்டு போ. ரெண்டு கையும் கதிரையில, பெலமான காலை முன்னுக்கு மடி, உன்னு. எழும்பின உடன நடக்காதை, இரு.

எழும்பினன். வீட்ட வந்து கதவைப் பூட்டிப்போட்டுத் திரும்பவும் செய்து பாத்தன். கதிரையில முகத்தை வைச்சு நல்லா அழுதன். இவர் போன பிறகு இப்பிடி அழுதது இண்டைக்குத்தான்.

17.03.2025

சின்னவிரலடியில கொப்புளம். சப்பாத்துக்குள்ள ஒரு குறுணிக் கல் கிடந்திருக்கு, தெரியவேயில்லை. சீனிக்காரரின்ர பாதத்துக்கு உணர்ச்சி குறையுமாம், போட முதல் கையை விட்டுத் தடவிப் பாக்கவேணும், ராவில பாதத்தைக் கண்ணாடி வைச்சுப் பாக்கவேணும். ஆறுமட்டும் நடை இல்லை. எரிச்சலாக் கிடக்கு. திவசத்துக்கு எவ்வளவு நாள் கிடக்கு!

கதிரைப் பயிற்சி மட்டும். சாப்பிட்டாப்போல முத்தத்தில மெல்லமா ஒரு சுற்று.

24.03.2025

வெறும் வயித்துச் சீனி 141. டொக்டர் கொப்பியில கோடு போட்டார். புண் காய்ஞ்சிட்டுது.

29.03.2025

மச்சாள் வந்திட்டா. கத்தரிக்காய், வாழைக்காய், பூசணி எல்லாம் வந்தாச்சு, எள்ளுத்தான் இன்னும் வாங்கேல்லை. ஐயர் 7 மணிக்காம். எனக்குக் கதிரை போடச் சொல்லியிருக்கிறா மச்சாள். வேண்டாம், பாய் போடுங்கோ எண்டன். "பிறகு ஆரடி தூக்கிறது?" எண்டு கேட்டா. அவவுக்கு முன்னாலேயே நிலத்தில இருந்து, ஒரு கையை மட்டும் முழங்காலில ஊண்டி எழும்பிக் காட்டினன். வாயில கையை வைச்சுக்கொண்டு நிண்டா. தனக்கும் முட்டி நோவெண்டு பிறகு மெல்லச் சொன்னா.

நாளைக்குக் காலமை கட்டுக்கு வாறாவாம். செருப்போட ஏலாது, என்ர மற்றச் சோடி அவவுக்குக் கொஞ்சம் இறுக்கம், மேசு போடாமல் பாக்கவேணும். மணல் டிப்பர் ஓடத் தொடங்க முதல் றோட்டைக் கடந்திடவேணும், 4.45க்கு எழுப்பச் சொல்லியிருக்கிறா.