மீட்டரில் 62

அன்று நான் குடித்துவிட்டு வண்டி ஓட்டவில்லை, குடித்துவிட்டுத் தூங்கி எழுந்து ஓட்டினேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று ஐந்து மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் வாதாடிக்கொண்டிருந்தேன். போலீஸ், டாக்டர், முதலாளி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க் என்று ஒருவர் பாக்கியில்லை. ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

2023, மாசி மாதம். காரிமங்கலம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், வேறு வழியில்லை. சேலத்தில் இருபது டன் ஜவ்வரிசி ஏற்றிப் புனேவுக்குப் போக வேண்டிய லோடு. முதலாளியிடம் கேட்டேன். "ஞாயிறு ஒரு நாள் நில்லப்பா, திங்கட்கிழமை விடியலில் எடுத்துவிடு" என்றார். சனிக்கிழமை மாலை தொப்பூர் கணவாயை ஏறிக் கடந்து, தர்மபுரி தாண்டி ஒரு ஓட்டல் மைதானத்தில் வண்டியைப் போட்டு, தார்ப்பாய்க் கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தங்கை வீட்டுக்குப் போனேன். கிளீனர் வைத்துக்கொள்ளும் காலம் எப்போதோ போய்விட்டது. வண்டிக்கு நான் ஒருவன்தான்.

ஞாயிறு இரவு மாப்பிள்ளை பைக்கில் கடைக்கு அழைத்துப் போனார். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதே, அது கிளம்பியதும் நம் தமிழ்நாட்டு வழக்கிலிருந்துதான். அடுத்த ஆண்டு சாலையோரக் கடைகள் மூடப்பட்டு, பல கடைகள் ஊருக்குள் சந்துகளில் போய் உட்கார்ந்தன. முன்பு லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்குவோம். இப்போது யாராவது பைக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். கடை பத்து மணிக்கு மூடுவதற்குள் ஒரு குவார்ட்டர் முடிந்தது. மாப்பிள்ளை வாங்கியதில் பாதி அவருக்கு இறங்கவில்லை, அதையும் நானே முடித்தேன். கறிக்குழம்போடு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வண்டிக்கு வந்து கேபினில் படுத்தேன். நாலு மணிக்கு அலாரம் அடித்ததும் எழுந்து முகம் கழுவி, பல் துலக்கி, டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். தலை தெளிவாக இருந்தது. சத்தியமாகத் தெளிவாக இருந்தது.

கிருஷ்ணகிரிக்குச் சற்று முன்னால் தடுப்பு வைத்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து ஒரு வெள்ளைக் குழாயை எடுத்து மீட்டரில் செருகினார். "ஊதுங்கள்." ஊதினேன். "நிறுத்தாமல் ஊதுங்கள்... இன்னும்... இன்னும்..." மீட்டர் ஒரு முறை கீச்சென்றது. பஸ் கண்டக்டரின் மெஷினிலிருந்து டிக்கெட் வருவதுபோல ஒரு சீட்டு வந்தது. அதில் 62 என்றிருந்தது.

நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரைதான் சட்டம் பொறுத்துக்கொள்ளும். என்னுடையது இரண்டு மடங்குக்கு மேல். "ஐயா, நேற்று ராத்திரி சாப்பிட்டது, தூங்கி எழுந்து வருகிறேன்" என்றேன். "எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடுங்கள்" என்றார். அந்தச் சீட்டின் நகல் ஒன்று வெகுநாள் என் பர்சில் கிடந்தது. வெயிலும் வியர்வையும் பட்டு எழுத்து மங்கி, இப்போது வெறும் வெள்ளைக் காகிதம்.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டியாக வேண்டுமாம். அதனால் லாரியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு ஜீப்பில் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்த டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், கண்ணை மூடி விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். அதில் ஒரு பெருமை வேறு. ரத்தம் எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "நீங்கள் தள்ளாடவில்லை என்பது உண்மைதான். ஆனால் உடம்பு ஒரு மணி நேரத்துக்கு அந்த மீட்டர் கணக்கில் பதினைந்து புள்ளிதான் இறக்கும். தூங்கினாலும் அவ்வளவுதான், டீ குடித்தாலும் அவ்வளவுதான்."

பிறகு எத்தனை முறை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பேன்! குவார்ட்டர் 180 மில்லி, அதோடு ஒரு 90. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். என் எடை 82 கிலோ. படுக்கும்போது 160-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். ஆறரை மணி நேரத்தில் நூறு புள்ளி இறங்கினால் 62 சரியாகத்தான் வருகிறது. மெஷின் பொய் சொல்லவில்லை. ஏழு மணிக்குக் கிளம்பியிருந்தால் தப்பித்திருப்பேன் என்றும் கணக்கு வந்தது. அந்தக் கணக்கைப் போட்டதற்கே வெட்கமாக இருந்தது. 29 இருந்தால் மட்டும் லாரி தானாகவா ஓடும்?

ஸ்டேஷன் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். லோடு சாலையோரத்தில் நின்றது. முதலாளி வேறொரு டிரைவரை பஸ் ஏற்றி அனுப்பி, காகிதங்களைக் காட்டி வண்டியை எடுப்பதற்குள் மறுநாள் மாலை ஆகிவிட்டது. புனேயில் சரக்குக்காரர் தாமதத்துக்கு வாடகையில் பிடித்துக்கொண்டார். எவ்வளவு என்று முதலாளி இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

கோர்ட்டில் 10,000 ரூபாய் அபராதம், கோர்ட் கலையும் வரை நிற்க வேண்டும் என்று தண்டனை. சட்டப்படி ஆறு மாதம் வரை உள்ளே போடலாம். முன்பெல்லாம் அபராதம் 2,000 ரூபாயோடு முடிந்துவிடும். 2019-இல் சட்டம் மாறி, 2022 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் புதிய அபராதம் நடைமுறைக்கு வந்தது. நான் மாட்டியது அதற்கு நாலு மாதம் கழித்து. இரண்டாவது முறை மாட்டினால் 15,000, இரண்டு ஆண்டு வரை ஜெயில். பணத்தைத் தங்கையின் வீட்டுக்காரர் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. "என் பிள்ளை காதுகுத்தால்தானே அண்ணனுக்கு இப்படி ஆயிற்று" என்று தங்கை போனில் அழுதாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. குழந்தை என்ன செய்யும், பாவம்.

லைசென்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரவே நாற்பது நாள் ஆயிற்று. விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அந்தத் தூங்கி எழுந்த கதையைத்தான். மூன்று மாதம் சஸ்பெண்ட் என்று உத்தரவு வந்தது. குடித்துவிட்டு ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் என்பது உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு சொன்ன கணக்கு. உத்தரவு மூன்று மாதம்தான். போக வர எல்லாம் சேர்த்து நான் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்தது ஐந்து மாதம்.

கோர்ட் முடிந்த மறுநாள் முதலாளியைப் பார்க்கப் போனேன். அவரிடம் இரண்டு லாரி, ஒன்று ஃபைனான்சில் ஓடுகிறது. பதினொரு வருடம் அவரிடம் ஓட்டியிருக்கிறேன். டீ வரவழைத்தார். பீரோவைத் திறந்து இன்சூரன்ஸ் ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். "போதையில் ஓட்டி வண்டிக்கு ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு ஒரு ரூபாய் தர மாட்டார்கள். யார் மேலாவது ஏற்றியிருந்தால், அந்தக் குடும்பத்துக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு அதை என்னிடம் வசூலிக்க வரலாம். அதன் பிறகு நான் எதை விற்பேன், சொல்லப்பா" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு நோட்டை எடுத்து, என் கணக்கில் வர வேண்டிய படிப்பணம், முன்பணத்தில் கழிந்தது எல்லாவற்றையும் ரூபாய் சுத்தமாகப் பார்த்துக் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் அடுத்த வாரம் போய் வாசலில் நின்றிருப்பேன். கணக்கை முடித்துவிட்டார்.

நாமக்கல்லில் ஓனர்களுக்குள் ஒரு செய்தி பரவ ஒரு டீ ஆறுகிற நேரம் போதும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குக் கேட்டுப் பார்த்தேன். பெயரைச் சொன்னதும் "கிருஷ்ணகிரியில் மாட்டியது நீயா?" என்றார்கள். ஆள் சொல்லித் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. லைசென்ஸ் நம்பரையும் பிறந்த தேதியையும் அரசின் சாரதி இணையதளத்தில் போட்டால் சஸ்பெண்டில் இருப்பது போனிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த மாதங்களில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் நாள் 600 ரூபாய்க்குத் தகடு பிடித்துக் கொடுத்தேன். பத்தொன்பது வருடம் ஓட்டியவனுக்குப் பட்டறைப் பையன் "அண்ணா, அந்த நட்டை எடுங்கள்" என்று வேலை சொன்னான். மனைவி கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள். இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். எனக்கு உண்மையில் போனது சமையல் கேஸ் டேங்கர் வேலை. நாமக்கல்லில் ஓட்டுகிறவனுக்கெல்லாம் அதன் மேல் ஒரு கண் உண்டு. மங்களூரில் ஏற்றி இங்குள்ள ப்ளாண்டில் இறக்குவது, வருடம் முழுவதும் லோடு உண்டு, ஏற்றக் கூலி இறக்கக் கூலி என்று தகராறு கிடையாது. 2022 கடைசியில்தான் அதற்காக மூன்று நாள் பயிற்சிக்குப் போய், அபாயகரமான சரக்கு ஓட்டலாம் என்று லைசென்சில் பதிவும் வாங்கியிருந்தேன். ஒரு ஓனர் சித்திரையில் வரச் சொல்லியிருந்தார். அந்தப் பதிவு குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். அதில் ஐந்து மாதம் வீட்டில் கழிந்தது, மீதி மாதங்களில் யாரும் கூப்பிடவில்லை, அதோடு காலாவதியாகிவிட்டது. ஜவ்வரிசி மூட்டையை நம்பிக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் பதினெட்டு டன் கேஸை எப்படிக் கொடுப்பார்கள்?

டிரைவர்கள் ஏன் குடிக்கிறார்கள் என்று கேட்டால் நாள் முழுக்கச் சொல்லலாம். இரண்டு ஆள் ஓட்ட வேண்டிய தூரத்தை ஒரு ஆளிடம் கொடுக்கிறார்கள், இடுப்பு வலி, படுத்தால் தூக்கம் வராது. எல்லாம் உண்மை. ஆனால் அன்று எனக்கு இடுப்பும் வலிக்கவில்லை, தூக்கமும் நன்றாக வந்தது. மாப்பிள்ளை ஊற்றினார், குடித்தேன்.

சஸ்பெண்ட் முடிந்ததும் தெரிந்தவர் ஒருவர் முட்டை வண்டி கொடுத்தார். பாலக்காடு, திருச்சூர் லைன். பழைய சம்பளத்தில் முக்கால்வாசி. முதல் மூன்று மாதம் கூடவே தன் தம்பியை அனுப்பினார். வேலை கற்கிறான் என்று சொன்னார். அந்தப் பையனுக்கு என்னைவிட நன்றாக ஓட்டத் தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்தினாலும் என் எதிரிலேயே உட்காருவான்.

இந்த வருடம் மறுபடியும் அந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ப் பதிவு வாங்கியிருக்கிறேன். 2023-இல் வரச் சொன்ன அதே ஓனரிடம் ஆனியில் போய் நின்றேன். லைசென்சை வாங்கிப் போனில் நம்பரைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். "ஆடி முடியட்டும், பார்க்கலாம்" என்றார். ஆடி முடிந்து ஆவணி பிறந்து பத்து நாள் ஆகிறது. திங்கட்கிழமை திருச்சூரிலிருந்து வந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.