காற்று திரும்பும் ஐந்து நாள்கள்

நாங்கள் ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு. எங்கள் மேசையின் ஹவுஸ் ரூல்ஸ், அதாவது நாங்களே வைத்துக்கொண்ட விதிகள், மொத்தமே அரைப் பக்கம்தான். என்னைப் போலக் கதையை நடத்தும் டிஎம்களில் நாலு பக்கம் எழுதி பிரிண்ட் எடுத்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. சண்டை வந்த இடத்தில் மட்டும் விதி வைத்தால் போதும் என்பது என் கட்சி.

கிரிட்டிகல் என்னும் உச்ச அடியை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது முகப் பகடையான டி20-இல் இருபது விழுந்ததும் எல்லாரும் எழுந்து கத்துவார்கள், நாங்கள் உட்காரும் மாமாக் உணவுக்கடையே திரும்பிப் பார்க்கும். அப்புறம் எதிரிக்கு எவ்வளவு அடி என்று சொல்லும் டேமேஜ் டைஸை இரட்டிப்பாக உருட்டினால் ஒன்றும் இரண்டும் விழும். அதனால் எங்களிடம் ஒரு டைஸுக்கு அதன் உச்ச எண்ணை அப்படியே கொடுத்துவிட்டு, மற்றதை மட்டும் உருட்டச் சொல்வோம். காயம் ஆற்றும் மருந்தான போஷன் குடிப்பதற்கு 2014 விதிப்படி அந்தச் சுற்றின் முக்கியச் செயலான ஒரு முழு ஆக்‌ஷன் போய்விடும். நாங்கள் அதைக் கூடுதல் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் ஆக்கி வைத்திருந்தோம். 2024 பதிப்பில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகமே அப்படி மாறிவிட்டது. ஆட்டம் கூடும் நாளான செஷனுக்கு வராதவரின் கேரக்டர் கப்பலில் சமைத்துக்கொண்டிருக்கும். சாகாது, கொள்ளையில் பங்கும் கிடையாது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களை வைத்துக்கொண்டு வேறு எப்படி ஆட முடியும்? தைப்பூச வாரம் செஷனே இல்லை.

தீராத தலைவலி கேரக்டர்களின் தூக்கம்தான். எட்டு மணி நேர ஓய்வான லாங் ரெஸ்ட் எடுத்தால் போன ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, எல்லாம் திரும்பிவிடும், மந்திரமும் நிரம்பிவிடும். 24 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் அவசரமே இல்லாத உலகத்தில் நாளைக்கு என்ன, நாளன்றைக்கு என்ன? ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் படுத்துவிடுவார்கள். சின்ன ஓய்வான ஷார்ட் ரெஸ்டுக்கு 8 மணி நேரம், லாங் ரெஸ்டுக்கு 7 நாள் என்ற கடுமையான மாற்று விதியும் உண்டு. எனக்கு அது அதிகம். கூரையும் அடுப்பும் உள்ள இடத்தில் தூங்கினால்தான் லாங் ரெஸ்ட், காட்டில் படுத்தால் ஷார்ட் ரெஸ்ட் என்று வைத்தேன். அதுவும் பாதி வேலைதான் செய்தது. மீதியைச் செய்தது நாட்காட்டி.

மழை விட்ட காலையில் பட்டர்வொர்த் பக்கம் நின்றால் வடக்கே கெடாவில் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. வங்காள விரிகுடாவைத் தாண்டி ஒரு பருவக்காற்றில் வந்த வணிகர்கள், திரும்பிப் போக அடுத்த காற்றுக்காகக் காத்துக் கிடந்த கரை. நான் நடத்தும் தொடர்கதையான கேம்பெய்னின் துறைமுகத்தையும் அப்படியே ஒரு மலையடியில் வைத்தேன். இந்த விளையாட்டின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தில் ஹார்ப்டோஸ் என்றொரு நாட்காட்டி உண்டு: 12 மாதம், மாதத்துக்கு 30 நாள், மாதங்களுக்கு இடையில் சிதறிக் கிடக்கும் 5 பண்டிகை நாள்கள். கணக்கை அங்கிருந்து எடுத்துக்கொண்டு பனியை விட்டுவிட்டேன். பினாங்கில் யாருக்குப் பனிக்காலம் உறைக்கும்? "வெளியே பனி கொட்டுகிறது" என்றால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆறு மாதம் கோடைக்காற்று, கப்பல் வரும். ஆறு மாதம் வாடைக்காற்று, கப்பல் திரும்பும். கோடை முடிந்து வாடை தொடங்கும் முன் ஐந்து நாள் காற்றே இருக்காது. அந்த ஐந்தும் எந்த மாதத்திலும் சேராதவை.

என் உலகத்தில் நாளுக்கு 60 நாழிகை. லாங் ரெஸ்ட் 20 நாழிகை, தீவட்டி ஒன்று இரண்டரை நாழிகை எரியும். நிலா தினமும் இரண்டு நாழிகை தாமதமாக உதிக்கும். நிஜ நிலாவும் ஏறக்குறைய அப்படித்தான். பௌர்ணமி எப்போதும் 15-ஆம் தேதி, அன்று சூரியன் சாயும்போதே நிலா வந்துவிடும். 20-ஆம் தேதி என்றால் பொழுது சாய்ந்து பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம் கும்மிருட்டு. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து திருட்டுக் கேரக்டரான ரோக் ஆடும் தம்பி டைஸை எடுப்பதற்கு முன் தேதியைத்தான் கேட்கிறான். தூக்கம் இப்போது இலவசம் இல்லை. ஓர் இரவு படுத்தால் நிலா நகர்கிறது, கப்பல் புறப்படும் நாள் நெருங்குகிறது.

"அஞ்சு நாள் சேர்த்தா நிலாக் கணக்கு உதைக்குதே லா" என்று மந்திரவாதியான விஸார்டு ஆடும் எங்கள் அக்கா பிடித்துக்கொண்டார். அந்த ஐந்து நாளும் நிலா வராது என்று சொல்லிவிட்டேன். மந்திர உலகம்தானே.

புனித வீரனான பாலடின் ஆடுபவர் நிஜத்தில் சம்பளக் கணக்கு பார்ப்பவர். அவர் கேட்டார்: மாதத்தில் சேராத நாளுக்குக் கோட்டைக் காவலர்களுக்குச் சம்பளம் உண்டா? கிடையாது என்றேன்.

"அப்போ அந்த அஞ்சு நாளும் கோட்டைல காவலுக்கு யாருண்ணே?" என்றான் தம்பி.

அடுத்த செஷனுக்கு நான் போட்டு வைத்திருந்த திட்டம் அத்தோடு போயிற்று. இப்போது கோட்டையின் தரைப்படம் வரைந்துகொண்டிருக்கிறேன்.