எட்வர்ட்ஸின் வாய்

ஜூன் 2
வார்டில் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். நாவலின் மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை.

ஜூன் 3
நாலு பக்கம் வந்தது. இங்கிலாந்து ராஜாவின் கிரீடத்தைத் திருடத் திட்டம் போட்ட தாமஸ் பிளட், பாதிரியார் வேஷத்தில் லண்டன் கோபுரத்துக்குள் நுழைகிறான். கூட வந்தவளை மனைவி என்கிறான். திடீரென்று அவளுக்கு வயிற்றுவலி. நகைக் காவலர் டால்பட் எட்வர்ட்ஸின் மனைவி வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைக்கிறாள். சில நாள் கழித்து நன்றி சொல்லக் கையுறைகளோடு வருகிறான். பிறகு மருமகன் முறைப் பையன் ஒருவனுக்கு அவர்கள் பெண்ணைக் கேட்கிறான்.

பூட்டை உடைத்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சாப்பிட்ட வீட்டில் உட்கார்ந்து சம்பந்தம் பேசியிருக்கிறான்.

ஜூன் 4
மூக்கு டியூபை மாற்றினார்கள். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

ஜூன் 5, விடிகாலை
எட்வர்ட்ஸுக்கு வயது 77. 1671 மே 9, காலை 7 மணி. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று காத்திருந்திருப்பார். கதவைச் சாத்தியதும் தலையில் துணியைப் போட்டு, வாயில் மரக்கட்டையைத் திணித்தார்கள். மூச்சுவிடக் கட்டையின் நடுவே சின்ன ஓட்டை. அதோடு மூக்கில் ஓர் இரும்புக் கொக்கி. அப்படியும் அவர் சத்தம் எழுப்பப் பார்த்தார். சுத்தியலால் அடித்தார்கள், வயிற்றில் குத்தினார்கள்.

பிளட்டின் கூட்டாளி பெர்ரட் தங்க உருண்டையைக் கால்சட்டைக்குள் திணிக்கிறான். இன்னொருவன் செங்கோலை அரத்தால் ராவுகிறான். பிளட் கிரீடத்தை அடித்து நசுக்குகிறான். இதெல்லாம் விறுவிறுவென்று எழுத வந்தது. ஆனால் என் கண் தரையில் கிடக்கிற கிழவரை விட்டு நகர மறுக்கிறது.

மூக்கில் கொக்கி.

ஜூன் 6
ராஜா ஏன் மன்னித்தார்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் நாவலையே தொடங்கினேன். பிடிபட்டவன் ராஜாவிடம் மட்டும்தான் வாய் திறப்பேன் என்றான். இரண்டாம் சார்லஸ் நேரில் கேட்டார். முந்தின டிசம்பரில் ஆர்மண்ட் பிரபுவை நடுத்தெருவில் மடக்கி, டைபர்னில் தூக்கில் போட இழுத்துப்போனதும் இவன் கூட்டம்தான். அவனுக்கு மன்னிப்பு. அதற்குமேல் அயர்லாந்தில் வருஷம் 500 பவுண்டு வருகிற நிலம். உளவு சொல்ல ஆள் தேவைப்பட்டதா? ராஜாவுக்கு அவனைப் பிடித்துப்போனதா?

எட்வர்ட்ஸுக்கு 200 பவுண்டு என்று உத்தரவு. பணம் வரத் தாமதமானது. கையில் காசு வேண்டுமென்று அந்த உத்தரவையே பாதி விலைக்கு விற்றார். மூணே வருஷத்தில், 1674-ல் போய்ச்சேர்ந்தார்.

அண்ணன் ஊர் மனையைப் பற்றிப் பேச்செடுத்தான். "இப்ப அவசரத்துக்குக் கொடுத்தா பாதிதான் தேறும்னு புரோக்கர் சொல்றார்."

ஜூன் 8
அம்மா வீட்டிலிருந்து அப்பாவின் விசிலைக் கொண்டுவந்தாள். பித்தளை, கருத்த கயிறு, ஓரத்தில் பல் பட்ட தடம். 22 வருஷம் மில் கேட்டில் இராக்காவலுக்கு ஊதியது. "கூப்பிடணும்னா ஊதட்டும்" என்று உதட்டில் வைத்துப் பார்த்தாள். இடது ஓரம் மூடவில்லை. காற்று அந்தப் பக்கமாகவே போய்விடுகிறது.

ஜூன் 9
எழுதவில்லை.

ஜூன் 11
எட்வர்ட்ஸின் மகன் பிளாண்டர்ஸிலிருந்து அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான். திருடர்கள் ஓடினார்கள். கிழவர் கட்டையை வெளியே தள்ளிவிட்டுக் கத்தினார். படித்த இடத்திலெல்லாம் இது ஒரே வரிதான். எனக்கு ஓர் அத்தியாயம் முழுக்க வேண்டும். தாடை எப்படி வலித்திருக்கும், எவ்வளவு எச்சில், எவ்வளவு ரத்தம், முதலில் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது.

ஸ்பீச் தெரபிக்கு வருகிற பெண் 'ம' சொல்லச் சொல்கிறார், 'ப' சொல்லச் சொல்கிறார். உதடு ஒட்டினால்தான் இரண்டும் வருமாம்.

கிரீடத்திலிருந்து தெறித்த முத்தைக் கண்டெடுத்தவள் பெருக்குகிற வேலை செய்த ஓர் ஏழைப் பெண். அவளையும் விட மனமில்லை.

ஜூன் 12
அப்பா உதட்டை ஒட்டினார். சத்தம் வரவில்லை. இரண்டு தடவை ஒட்டினார்.

ஜூன் 13
எழுதிய மூன்று அத்தியாயமும் வேண்டாம். அன்று காலை எட்வர்ட்ஸ் கதவைத் திறப்பதிலிருந்து தொடங்குகிறேன். மனை பார்க்க ஆள் வருகிறார்களாம், நாலு மணிக்குள் ஊருக்கு வரச் சொல்கிறான் அண்ணன்.